கோட்டுக்காரர் போட்ட ஆறு கிலோமீட்டர்

எங்கள் வேலையிடத்தில் அவருக்குப் பெயர் கோட்டுக்காரர். புதிதாகச் சேருகிறவர்கள் யாரோ கோட்டும் சூட்டுமாக வரப்போகும் பெரிய மனிதர் என்று நினைத்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள். வருகிறவரோ முழங்கை வரை சூட்டுத் தழும்பும், தார் அப்பிய பூட்ஸும், செம்மஞ்சள் மேல்சட்டையுமாக வருவார். சாலையில் வெள்ளைக் கோடு போடுவதுதான் அவருடைய தொழில். அதற்கான லாரியை ஓட்டுவது என்னுடையது. பதினோரு வருடம் அவரோடு இருந்தேன்.

அது பெயிண்ட் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெயிண்ட் இல்லை. மூட்டையில் தூளாக வரும். லாரிக்குப் பின்னால் இருக்கும் கொதிகலனில் கொட்டிப் பாகு மாதிரி உருக்கி, சுடச்சுடத் தள்ளுவண்டியில் ஊற்றி, தரையோடு இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடும். கோணலாகிப் போனால் சுரண்டி எடுக்க அரை நாள் போகும். கோட்டுக்காரர் போட்ட ஒரு கோட்டைக்கூடச் சுரண்டியதாக எனக்கு நினைவில்லை. இழுக்கும்போது அவர் தரையைப் பார்க்கவே மாட்டார். நூறடி தள்ளி ஏதோ ஒரு கம்பத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நடப்பார். நூல் பிடித்த மாதிரி வரும்.

"எப்படிண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கோட்டைப் பாத்தா கோடு கோணும். போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாக்கணும்" என்றார். பெரிதாக ஏதோ சொல்லிவிட்டோமோ என்று அவருக்கே கூச்சமாகிவிட்டது. "சரி சரி, அடுப்பைப் பாரு" என்று என்னை விரட்டினார்.

அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் வேலை. வட்டமாக வரும் வில்லைகளை, வாங்குகிறவரின் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவார். கையில் எப்போதும் மெல்லிய வெள்ளைத் துகள் ஒட்டியிருக்கும். "இவரு ரோட்டுக்குக் கோடு போடறாரு, நான் ஊருக்குக் கண்ணாடி போடறேன். வீட்டுல ஒட்டடை மட்டும் ரெண்டு பேர் கண்ணுலயும் படாது" என்பார். ஒரே மகள், நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மூன்று பேருக்கும் அளவான மூன்றாவது மாடி வீடு. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நின்றுதான் பேச வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தச் சட்டம் வந்தது. பெரிய சாலைகளின் ஓரத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதை. அதில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. நின்றால் அபராதம், மறுபடி நின்றால் வண்டியையே இழுத்துக்கொண்டு போவார்கள். சைக்கிளைத் தாண்டிப் போகும் வண்டி ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும். கேட்கவே நன்றாக இருந்தது. எங்கள் பங்குக்கு ஆறு கிலோமீட்டர் வந்தது. பத்தொன்பது நாளில் முடித்தோம். நூறடிக்கு ஒரு சைக்கிள் படம் வேறு. அந்தப் படத்தை வைக்கும்போதெல்லாம் கோட்டுக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு அடி பின்னால் போய் நின்று பார்ப்பார்.

முதல் வாரம் அதிகாரிகள் படையாக வந்தார்கள். படம் எடுத்தார்கள், சீட்டுக் கிழித்தார்கள். இரண்டாவது வாரம் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கப்புறம் "இங்கே நிறுத்தாதீர்" என்ற பலகைதான் தனியாகக் காவல் காத்தது. அதன் அடியிலேயே வண்டியை நிறுத்தினார்கள்.

அண்ணிக்கு அதுவரை சைக்கிள் தெரியாது. நாற்பத்தொரு வயது. இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே வேலைக்குப் போய், அங்கேயும் நாள் முழுக்க நின்று, முழங்கால் வீங்கி வருவார். ஓட்டக் கற்றுக்கொள் என்று வற்புறுத்தியது கோட்டுக்காரர்தான். "உன் கடை வாசல் வரைக்கும் என் கோடு போகுது. அதுக்குள்ள போனா உன்னை யாரு என்ன பண்ணப் போறான்?" என்று சொன்னபோது நானும் அங்கே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் முற்றத்தில் பாடம் நடந்தது. வேடிக்கை பார்க்க நானும் போனேன். இவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடுவார். அண்ணி முன்னால் இருந்து கத்துவார்: "விடுங்க! நீங்க பிடிச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு!" இவர் விடவே மாட்டார். கடைசியில் மகள் வந்து அப்பாவின் கையைப் பிரித்து எடுத்தாள். அண்ணி முற்றத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து, நிறுத்தத் தெரியாமல் என் மேலேயே வந்து மோதினார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது.

ஒரு மாதத்தில் பழகிவிட்டார். முழங்கால் வீக்கம் வடிந்தது. சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். ஒரே ஒரு தொல்லை இருந்தது. வழியில் ஒரு மரச்சாமான் கடை. காலை எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை அதன் சரக்கு வேன் சைக்கிள் பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கும். பின்கதவு திறந்திருக்கும், மேசையும் கட்டிலும் ஏறும். அதைச் சுற்றிப் போக வேண்டுமென்றால் பாதையை விட்டு, லாரியும் பஸ்ஸும் பாயும் சாலைக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும்.

கோட்டுக்காரர் போய்க் கேட்டார். கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "ரெண்டே நிமிஷம் சார். இதோ எடுத்துடறோம்."

"தினமும் ஒரு மணி நேரம் நிக்குதுங்களே."

"ஒவ்வொரு சாமானுக்கும் ரெண்டு நிமிஷம் சார்" என்றார் கடைக்காரர், சிரிக்காமல்.

அண்ணி அந்த நிறுத்தத் தடைப் பலகையில் இருந்த எண்ணுக்கு போன் செய்தார். அந்தப் பேச்சை எங்களுக்கு அப்படியே நடித்துக் காட்டுவார்.

"வண்டி இப்ப நிக்குதாம்மா?"

"காலையில நின்னுச்சுங்க. நான் இப்ப வேலைக்கு வந்துட்டேன்."

"இப்ப நிக்குதான்னு தெரியாம நாங்க எப்படிம்மா வர்றது?"

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்து பாருங்க. நிச்சயமா நிக்கும்."

"நாளைக்கு நிக்கப்போற வண்டிக்கு இன்னிக்குப் புகார் எழுத முடியாதும்மா."

ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு புகார் எண் கொடுப்பார்கள். அதைத் தேதியோடு ஒரு சின்ன நோட்டில் எழுதிவைத்தார். பதினான்கு புகார்கள். பதினான்குக்கும் ஒரே பதில் வந்தது: இடம் ஆய்வு செய்யப்பட்டது, குறிப்பிட்ட வாகனம் காணப்படவில்லை. காலை பதினோரு மணிக்கு வந்து பார்த்தால் எப்படிக் காணப்படும்?

அன்றைக்கு செவ்வாய்க்கிழமை. ஒரு பள்ளிக்கூட வாசலில் ஆள் கடக்கும் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். தள்ளுவண்டி நிறையக் கொதிக்கும் பாகு. எட்டு இருபத்தைந்துக்கு அவர் போன் அடித்தது. கேட்டவர் தள்ளுவண்டியை அப்படியே விட்டார். பாகு ஒரே இடத்தில் வழிந்து பெரிய வெள்ளை வட்டமாகப் பரவியது. நான்தான் போனை வாங்கிக் கேட்டேன். அவரை லாரியில் ஏற்றினேன். பின்னால் கொதிகலன் எரிந்துகொண்டே இருந்தது. அணைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அண்ணி வேனைச் சுற்றி வெளியே வந்திருக்கிறார். பின்னால் வந்த லாரி இடம் விடவில்லை. அவ்வளவுதான். கைப்பிடி உரசி, சக்கரத்துக்குள் விழுந்துவிட்டார்.

நாங்கள் போனபோது அவரை மூடிவைத்திருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அவருடைய இரண்டு செருப்பையும் தேடி எடுத்து, சாலையோரத்தில் ஜோடியாக வைத்திருந்தார், வீட்டு வாசலில் கழற்றிவிட்ட மாதிரி. கோட்டுக்காரர் முகத்தைப் பார்க்கப் போகவில்லை. அந்தச் செருப்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வேன் அங்கே இல்லை. போலீஸ் வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். கடை வாசலில் ஒருவர் நிதானமாகப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து அவரையும் மகளையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். விபத்துப் பிரிவு அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மேசையில் விபத்து நடந்த இடத்தின் வரைபடம் இருந்தது. சாலை, லாரி, சைக்கிள், விழுந்த இடம், எல்லாம் அளந்து குறித்திருந்தார்கள். கோட்டுக்காரர் அதையே வெகுநேரம் பார்த்தார்.

"வேன் எங்க சார்?"

"எந்த வேன்?"

மகள் அறிக்கையை வாங்கி வாசித்தாள். பாதியில் என்னிடம் நீட்டிவிட்டாள். நான் வாங்கிப் படித்தேன். "சைக்கிள் ஓட்டி வந்த பெண், சைக்கிளுக்கென ஒதுக்கப்பட்ட பாதையை விட்டு முன்னறிவிப்பின்றி வெளியேறியதால்" என்று எழுதியிருந்தது.

"வெளிய வராம வேன் மேல ஏறியா சார் போவா?" என்றார் கோட்டுக்காரர். அவர் அதட்டிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"ஐயா, வேன் நின்னதுக்கு ஒரு சாட்சி வேணும்ல?"

மகள் நோட்டை எடுத்து வைத்தாள். அதிகாரி பதினான்கு எண்களையும் பொறுமையாகக் கணினியில் தட்டிப் பார்த்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். எல்லாவற்றுக்கும் எதிரே "முடிக்கப்பட்டது". அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் உங்ககிட்ட மறைக்கலை. நிறுத்தத் தடை பாக்கறதுக்கு மொத்த ஊருக்கும் மூணு பேரு இருக்காங்க. ஒரு வண்டி. அதுவும் இப்ப பட்டறையில கிடக்கு. சட்டம் எழுதினவங்க ஆள் எழுதலை."

கடைக்கு எதிரே சாவி வெட்டுகிற ஒருவர் உட்கார்ந்திருப்பார். சாட்சி சொல்ல முடியுமா என்று நான் தனியாகப் போய்க் கேட்டேன். அவர் சாவியை அரத்தில் தேய்த்துக்கொண்டே, "நின்னுச்சுங்க. என் கண்ணாலயே பாத்தேன். அந்தம்மா தினமும் எனக்குத் தலையாட்டிட்டுப் போவாங்க. ஆனா எழுதிக் கேட்டா நான் பாக்கலைன்னுதான் சொல்லுவேன். நான் உக்காந்திருக்கற இடமே அந்தக் கடைக்காரரோடது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை கோட்டுக்காரர் வேலைக்கு வரவில்லை. மரச்சாமான் கடை வாசலில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வேன் நிற்கும் இடத்தில், தான் போட்ட பாதையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். யாரோடும் பேச்சில்லை, சண்டையில்லை. சைக்கிள் வந்தால் ஓரமாக ஒதுங்கி வழிவிடுவார். போனதும் திரும்ப வந்து நிற்பார். எட்டிலிருந்து ஒன்பது வரை நின்றுவிட்டு வேலைக்கு வருவார்.

"எத்தனை நாளைக்குண்ணே?"

"தெரியலை. இந்த ஒரு மணி நேரம் வீட்டுல இருக்க முடியலைடா."

வேன்காரன் இரண்டு நாள் ஒலிப்பானை அடித்துப் பார்த்தான். மூன்றாம் நாள் பத்தடி தள்ளி, அதே பாதையில் நிறுத்தினான். கோட்டுக்காரர் அங்கே நகர்ந்தால் வேன் இங்கே நகரும். வழியில் போகிறவர்கள், "சார், இங்க பஸ் நிக்குமா?" என்று கேட்டார்கள். அவரும் பொறுமையாக, "இல்லீங்க, அடுத்த முனையில" என்று சொல்லி அனுப்புவார். சைக்கிளில் போகும் ஒரு பெண் ஒருநாள் நிறுத்தி, "நீங்க நிக்கறதால ஒரு பத்தடியாவது நிம்மதியாப் போறேங்க" என்றாராம். அதை மகளிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார்.

ஏழு வாரம் ஆனது. ஒரு வியாழக்கிழமை காலை, சரியாக எட்டே காலுக்கு, ஒரு போக்குவரத்து அதிகாரி வந்து இறங்கினார். கோட்டுக்காரர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் உயிர் வந்தது என்று சாவி வெட்டுகிறவர் என்னிடம் சொன்னார். ஓடிப்போய், "வாங்க சார், அதோ நிக்குது பாருங்க" என்று வேனைக் காட்டினாராம். அதிகாரி இவரைத் தேடித்தான் வந்திருந்தார். கடையிலிருந்து புகார் போயிருக்கிறது. சைக்கிள் பாதையில் நின்று இடையூறு செய்ததற்காக அதிகாரி இவருக்குச் சீட்டு எழுதினார்.

கோட்டுக்காரர் அந்தச் சீட்டை மேலிருந்து கீழ்வரை படித்தார். "சட்டத்துல இந்தப் பிரிவு உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருக்கு" என்றார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். வேன் அங்கேயேதான் நின்றது. அதற்குச் சீட்டு எழுதச் சொல்லி அந்த அதிகாரிக்கு உத்தரவு இல்லையாம்.

எட்டு மாதம் கழித்து வழக்கு வந்தது. லாரி ஓட்டுநருக்கு அபராதம், ஆறு மாதம் உரிமம் ரத்து. நீதிமன்றக் கூடத்துக்கு வெளியே அந்த ஆள் எங்களைத் தேடி வந்தார். என் வயதுதான் இருக்கும். கைகூப்பக்கூடத் தெம்பில்லாமல் நின்றார்.

"ஐயா, இருபத்திரண்டு வருஷமா லாரி ஓட்டறேன். ஒன்றரை மீட்டர்னு பலகையில படிச்சிருக்கேன். ஒருநாள்கூட விட்டதில்ல. விடலைன்னு எவனும் என்னை நிறுத்திக் கேட்டதில்ல. ஒருத்தன் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா..."

கோட்டுக்காரர் அவர் தோளைத் தொட்டார். ஆறுதலா, போ என்றாரா, எனக்குத் தெரியவில்லை. நானும் லாரிக்காரன்தானே. திரும்பி வரும் வழியெல்லாம், நான் இதுவரை எந்தச் சைக்கிளுக்காவது ஒன்றரை மீட்டர் விட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். அந்தப் பாதையைப் போட்ட லாரியையே ஓட்டியவன் நான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வழக்கு முடிந்ததும் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கைப்பிடி வளைந்ததைத் தவிர அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மாடிப்படியின் கீழ் நின்ற அதைப் பார்க்க முடியாமல், "வித்துடலாம்ப்பா" என்றாள் மகள்.

"யாருக்கும்மா விக்கிறது? வாங்கறவங்க ஓட்டுவாங்களே" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மரையாணி மரையாணியாகக் கழற்றினார். பகுதி பகுதியாகப் பழைய இரும்புக்குப் போனது.

அந்த வருடக் கடைசியில் வேலைப் பட்டியல் வந்தது. ஆறு கிலோமீட்டரும் தேய்ந்துவிட்டது, மறுபடி போட வேண்டும். மேற்பார்வையாளருக்கும் மனசாட்சி உண்டு; "நீங்க லீவு எடுத்துக்கங்க, வேற ஆளை வச்சுப் பாத்துக்கறேன்" என்றார். கோட்டுக்காரர் கேட்கவில்லை, வந்தார். நான் லாரியை நிறுத்தி அடுப்பைப் பற்றவைத்தேன். பாகு தயாரானதும் தள்ளுவண்டியில் ஊற்றினேன். அவர் கைப்பிடியைப் பிடித்தார். வழக்கம்போல் தூரத்தில் ஒரு கம்பத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பாகு கெட்டியாகத் தொடங்கியது.

"அண்ணே, இறுகுது."

"நான் போட மாட்டேன்டா."

"அண்ணே..."

"இதைப் போட்டா, யாரோ ஒரு வீட்டுல ஒருத்தன் இதைக் காட்டித் தன் பொண்டாட்டிகிட்ட, தைரியமாப் போன்னு சொல்லுவான். நான் சொன்ன மாதிரி." கைப்பிடியை விட்டுவிட்டார். "அவ பயந்தா. வேண்டாம் வேண்டாம்னு சொன்னா. நான்தான் சொன்னேன், என் கோடு இருக்குன்னு."

பதினோரு வருடத்தில் அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். முகத்தை மூடிக்கொள்ளக்கூட இல்லை. இரண்டு பக்கமும் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கோட்டை வேறு இரண்டு பேர் போட்டார்கள். கொஞ்சம் கோணல்தான். யாரும் கவனிக்கவில்லை.

அதோடு அவர் சாலை வேலையை விட்டுவிட்டார். இப்போது பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றில் தரைக்கோடு போட்டுப் பராமரிக்கிற வேலை. போன மாதம் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார். மகள் நன்றாக இருக்கிறாளாம். பஸ்ஸில் போகிறாள், இறங்கியதும் அப்பாவுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்பது வீட்டில் உத்தரவு. ஒரு நிமிடம் தாமதமானாலும் இவர் வேலையை விட்டு வெளியே வந்து போனையே பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

"அந்த வேன்?" என்று கேட்டார்.

"நிக்குதுண்ணே."

தலையை ஆட்டிக்கொண்டார். கிடங்கின் உள்ளே பளபளவென்ற தரையில் மஞ்சள் கோடுகள் ஓடின. சாமான் தூக்கும் வண்டிகள் அதற்குள்ளேயே போய் வந்துகொண்டிருந்தன.

"இங்க எவனாவது கோட்டைத் தாண்டி வண்டியை நிறுத்தினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார். "அதனால ஒருத்தனும் நிறுத்தறதில்ல. ஒரு பெட்டிகூட இதுவரைக்கும் நசுங்கினதில்லடா."

இடைவேளை முடிந்து மணி அடித்தது. என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போனார். ஆள் கடக்கும் கோட்டருகில் அவர் போனதுமே, வேகமாக வந்த ஒரு வண்டி நின்றது. அதன் பின்னால் இன்னொன்றும் நின்றது. அவர் எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்காமல் நடந்து அந்தப் பக்கம் போனார்.